சின்னச் சின்னத் தப்புக்கு கேஸா, ஃபைனா, ரெண்டுமே வேணாமா?

ரோட்டோரமா சிறுநீர் கழிக்கிறது, குப்பை போடறது, ராத்திரியில சத்தம் போடறது, குடிச்சிட்டு பொது இடத்துல விழுந்து கிடக்கிறது, இதெல்லாம் கிரிமினல் குற்றமாவே இருக்கணுமா, ஃபைனோட விட்டுடலாமா, இல்ல சட்டத்துலேர்ந்தே எடுத்துடலாமா?

கேஸ் போடணும்ங்கறவங்க 1982ல ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதின 'உடைஞ்ச ஜன்னல்' வாதத்தைத்தான் பிடிச்சிக்கிறாங்க, அதாவது சின்னதை கண்டுக்காம விட்டா பெருசு தானா வரும்னு. அந்தத் தெருவுல குடியிருக்கறவங்களோட பயம் நிஜம்தான், நான் இல்லைங்கல. ஆனா குப்பை போட்டதுக்கெல்லாம் ஒரு ஆளு மேல கிரிமினல் ரெக்கார்டு ஏறி, அது வேலை கேட்டுப் போற இடமெல்லாம் கூடவே வர்றது ரொம்ப அநியாயம்.

ஃபைன் தேவலைன்னு தோணும். நியூயார்க் சிட்டியில 2016ல சட்டம் போட்டு இந்த மாதிரி பலதையும் சிவில் டிக்கெட்டா, அதாவது கிரிமினல் ரெக்கார்டு ஏறாத ஃபைன் சீட்டா மாத்தினாங்க. ஆனா ஃபைனைக் கட்ட முடியலன்னா என்ன ஆகும்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. அமெரிக்காவுல ஃபெர்குசன் ஊரைப் பத்தி 2015ல அந்த நாட்டு மத்திய அரசோட நீதி இலாகா விட்ட ரிப்போர்ட்ல ஒரு பொண்ணு கதை வருது, 2007ல கார் பார்க்கிங் தப்புக்கு 151 டாலர் ஃபைன், அதுபோக கட்டணம், ரெண்டு தடவை அரெஸ்ட், ஆறு நாள் ஜெயில், 550 டாலர் கட்டியும் 2014 கடைசியில இன்னும் 541 டாலர் பாக்கி! ஜெர்மனியிலயும் இந்த மாதிரி பல தப்பு கிரிமினல் குற்றம் இல்ல, ஃபைன்தான், கட்டலன்னா அங்கயும் உள்ள வைக்கலாம், ஆனா நிஜமாவே கட்ட வழியில்லன்னு காட்டினா வைக்க முடியாது. அந்த ஒரு விதி இல்லாத ஃபைன் சட்டத்தை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

குடிச்சிட்டு கிடக்கறதுக்கு மட்டும் அந்த ஃபைன்கூட வேணாங்கறேன். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2017 டிசம்பர்ல டான்யா டேன்னு ஒரு பழங்குடிப் பெண், ரயில்ல தூங்கிட்டிருந்தவங்களை குடிபோதைன்னு சொல்லி போலீஸ் ஸ்டேஷன் செல்லுல போட்டாங்க, அங்க விழுந்து தலையில அடிபட்டு அப்புறம் இறந்தே போயிட்டாங்க. இந்தக் குற்றத்தையே எடுத்துடுங்கன்னு, காவல்ல பழங்குடி மக்கள் சாகறதைப் பத்தி விசாரிச்ச ராயல் கமிஷன் 1991லயே சொல்லியாச்சு, விக்டோரியா எடுத்தது 2023 நவம்பர்ல. இப்ப அங்க வெறும் போதைக்காக யாரையும் பிடிச்சு உள்ள போட முடியாது, சுகாதார ஆளுங்க வந்து வீட்டுக்கோ தெளியற வரைக்கும் இருக்கற இடத்துக்கோ கூட்டிட்டுப் போவாங்க. குடிச்சிட்டு அடுத்தவங்களை அடிச்சாலோ மிரட்டினாலோ அதுக்கு வேற சட்டம் அங்க அப்படியேதான் இருக்கு, அதுல கை வைக்கவும் வேணாம்.