அப்பாவின் கால் புண்ணும் தஞ்சாவூர் லேப் ரிப்போர்ட்டுகளும்

தஞ்சாவூரில் இப்போது காலை ஆறரைக்கே லேப்பிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்து வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார். மதியத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கட்டு மாற்ற நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். சிங்கப்பூரில் இருந்துகொண்டு பெற்றோரை நினைத்துக் கவலைப்படும் என் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் எல்லாம் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், எந்த டெஸ்ட் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் புண் ஆறாமல் தவிக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் திருச்சியில் இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுத் தழும்பு நன்றாகக் கூடிவிட்டது. இதயத்தில் வைத்துத் தைப்பதற்காக ரத்தக்குழாய் எடுத்த இடது காலில்தான் பிரச்சினை. கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம், ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டுப்போய் நீர் கசிந்துகொண்டே இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு பைபாஸுக்குப் பிறகு கால் புண் இப்படி இழுத்தடிப்பது உண்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தட்டில் ரசம் சாதமும் மோரும்தான் இருந்தன. பத்தியம் மூன்று பக்கமிருந்து வந்திருந்தது. பெரியம்மா, "முட்டை, மீன், கத்திரிக்காய், பருப்பு எதுவும் வேண்டாம், சீழ் வைக்கும்" என்று சொல்லியிருந்தார். இதய ஆபரேஷன் ஆயிற்றே என்று அம்மா முட்டையையும் எண்ணெயையும் கண்டாலே பயந்தார். மூன்றாவதாக, அக்கா பாசத்தில் ஒரு தனியார் லேப்பில் எடுத்த உணவு ஒவ்வாமை டெஸ்ட். இருநூறுக்கும் மேற்பட்ட உணவுகளைப் பார்க்கிற பேக்கேஜ் அது, கட்டணம் ஐந்து இலக்கத்தில். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். சிவப்பில் பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, பச்சைப்பயறு, நிலக்கடலை. "இதையெல்லாம் மூணு மாசம் நிறுத்துங்க, புண் தானா ஆறும்" என்று லேப்பிலிருந்து போனிலும் சொன்னார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது அதைக் கேட்டுத்தான். ஆறாத புண்ணோடு இருக்கும் எழுபது வயதைத் தாண்டிய மனிதரின் சாப்பாட்டிலிருந்து, புரதம் உள்ளதாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டார்கள்.

அந்த டெஸ்ட் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. ஓர் உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு அதற்கு ஐஜிஜி உண்டாக்குவது இயல்பான வேலை. இவர் இதைச் சாப்பிட்டிருக்கிறார் என்பதற்கு மேல் அதில் பெரிதாகச் செய்தி இல்லை. காலம் முழுக்கக் காலையில் பால் குடித்தவருக்குப் பால் சிவப்பில் வராமல் வேறு எது வரும்? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2008இலும், கனடாவின் சங்கம் 2012இலும், உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. உண்மையான அலர்ஜி என்றால் பொதுவாகச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று காட்டிவிடும். அதற்குப் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கும் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. அதை எடுக்கும் முன்பே கோதுமையை நிறுத்தினால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்து ஏமாற்றிவிடும். அப்பாவுக்கு இவற்றில் எதற்குமே அறிகுறி கிடையாது.

மறுபடி திருச்சிக்கு அழைத்துப் போனோம். சர்ஜன் அந்த வண்ணப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். முதலில் காலைத்தான் பார்த்தார். பாதத்தில் நாடி பார்த்தார், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்த ஓட்டம் சரியாக இருப்பது உறுதியான பிறகே இறுக்கமான காலுறை போடச் சொன்னார். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் உயர்த்தி வைக்க வேண்டும் என்றார். அப்பா நாள் முழுக்கத் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. சீட்டில் எழுதியவை கொஞ்சம்தான்: ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின், ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, வைட்டமின் பி12. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி ஏன் இல்லை என்று கேட்டேன். ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருப்பதால் அந்த எண்ணை இப்போது நம்ப முடியாது, வீட்டில் குளுக்கோமீட்டரில் எடுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று முதலில் சொன்னது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காதான். 2021இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. அந்த அக்கா சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

ஆல்புமின் குறைவாக வந்தது. அதை மட்டும் வைத்துச் சாப்பாடு போதவில்லை என்று முடிவு கட்டக்கூடாதாம். உடம்பில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கும், அதனால்தான் சிஆர்பியையும் சேர்த்துப் பார்ப்பது. வேட்டியை எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது, எடை எவ்வளவு குறைந்தது என்று டயட்டீஷியன் கேட்ட கேள்விகளில்தான் சாப்பாடு போதவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது. பி12 குறைவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம், அதற்கு ஊசி போட்டார்கள். சீட்டில் இல்லாத துத்தநாகமும் அழற்சியின்போது ரத்தத்தில் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மாதக்கணக்கில் அதிக அளவு மாத்திரை விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரலாம். வைட்டமின் சி டெஸ்ட்டுக்கு எடுக்கும் ரத்த மாதிரியை வெளிச்சம் படாமல், குளிரில் வைத்து, சீக்கிரம் லேப்புக்குச் சேர்க்க வேண்டும். வீட்டில் எடுத்து பைக் பையில் போகிற ரத்தத்தில் வரும் எண் எவ்வளவு சரியாக இருக்கும்? பழம் சாப்பிடுகிறாரா என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். புண்ணில் புதிதாக வளரும் கொலாஜன் என்ற நார்ப் புரதம் உறுதிப்படுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அதற்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

புரதம் எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்று கணக்குச் சொன்னார்கள், கிரியேட்டினின் நார்மல் என்று பார்த்த பிறகு. அப்பா 60 கிலோ. அப்படியென்றால் நாளைக்கு 72 முதல் 90 கிராம். ரசம் சாதத்தில் அதில் பாதிகூட வராது. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம். பால், தயிர், சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன் எல்லாம் திரும்பி வந்தன.

மீனுக்குப் பெரியம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா, ஆபரேஷன் ஆனவர்களுக்கென்றே விரால் மீன் சூப் வைப்பார். மலாய்க்காரர்களும் அதே மீனை ஹாருவான் என்று சொல்லி, பிரசவமான பெண்ணுக்கும் கத்தி பட்டவருக்கும் கொடுப்பார்கள். நம் குளத்து விராலுக்கு அங்கே அவ்வளவு மரியாதை என்று சொன்னதும் பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். "விரால்னா சூடு இல்லைதான்" என்றார். கீழவாசல் மீன் மார்க்கெட்டில் வாங்கிவந்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு அவரே குழம்பு வைத்தார். விராலில் தனி மருந்துச் சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல புரதம், வயதானவருக்கு எளிதாகச் செரிக்கும், முக்கியமாக அவர் விரும்பிச் சாப்பிட்டார்.

நான் கிளம்புவதற்குள் கசிவு நின்று, புண் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. காலுறையா, சர்க்கரைக்குப் போட்ட இன்சுலினா, சாப்பாடா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தினமும் வந்து பொறுமையாகக் கட்டு மாற்றிய நர்ஸம்மாவின் பங்கையும் விட்டுவிட முடியாது. நல்ல சர்வீஸ் வேண்டுமென்றால் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஒவ்வாமை டெஸ்ட் பேக்கேஜ் பணத்தில் அவருக்குப் பல வாரம் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று நாம் வாங்கிப் போகும் வைட்டமின் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் நிறைய இருக்கும். அது தைராய்டு டெஸ்ட்டையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோப்போனின் டெஸ்ட்டையும் தப்பாகக் காட்ட வைக்கலாம். இதய நோயாளிக்கு ட்ரோப்போனின் பொய்யாகக் குறைந்து காட்டினால் ஆபத்து. ரத்தம் எடுக்க ஆள் வருவதற்கு முந்தைய நாட்களிலேயே, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.