பானம் வாங்க நேரிய திட்டமிடல்: ஒரு நெடுநாள் பயனரின் மனக்குறை

நிகழ்ச்சி ஒன்றுக்குப் பானங்கள் வாங்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பர், நேரிய திட்டமிடல் கணக்கை, அதாவது கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைத் தேடும் கணக்கை, எக்செலில் போட்டுத்தரும் சால்வர் என்ற கருவியை நம்பி இறங்கலாமா என்று கேட்டார். குறைக்க வேண்டிய மொத்தச் செலவுதான் குறிக்கோள் சார்பு, விருந்தினர் தேவையும் ஐஸ் பெட்டியின் கொள்ளளவும் கட்டுப்பாடுகள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளாக நான் சால்வரை விடாமல் வைத்திருப்பது விடைக்காக அன்று, விடையோடு வரும் உணர்திறன் அறிக்கைக்காக: கட்டுப்பாடுகள் சற்று மாறினால் விடை எப்படி மாறும் என்பதை அது காட்டும். தயார்நிலைச் சாறு மலிவு, ஆனால் இடத்தை அடைக்கும். அடர்சாறு விலை கூடுதல், இடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் பெட்டியில் இன்னும் ஒரு லிட்டர் இடம் கிடைத்தால் மொத்தச் செலவு எவ்வளவு குறையும் என்பதை அறிக்கையிலுள்ள நிழல் விலை சொல்லிவிடும். அது செல்லுபடியாகும் வரம்பும் பக்கத்திலேயே இருக்கும். இன்னொரு பெட்டியை வாடகைக்கு எடுக்கலாமா என்ற விவாதம் அந்த ஓர் எண்ணில் முடிந்துவிடும்.

எரிச்சல் அடுத்த படியில்தான். விடை 6.4 அட்டைப்பெட்டி என்று வரும், கடைக்காரர் 0.4 பெட்டி தரமாட்டார். ஆறு வாங்கினால் பானம் போதாது, ஏழு வாங்கினால் குளிர்விக்க இடம் போதாது. முழு எண்ணாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தாலோ, விடையைத் தந்துவிட்டு, இவ்வகைக் கணக்குக்கு உணர்திறன் அறிக்கை பொருந்தாது என்று சால்வர் கைவிரித்துவிடும். கணிதப்படி அது சொல்வது நியாயமே: ஒரு லிட்டர் இடம் கூடினால் பெட்டிகளின் எண்ணிக்கை அசையாமலே இருக்கலாம், அல்லது திடீரென்று ஒன்று தாவலாம், லிட்டருக்கு இவ்வளவு என்று சீராகச் சொல்ல வழியில்லை. நியாயம் புரிகிறது, கோபம்தான் அடங்கவில்லை. முதலில் பின்னங்களை அனுமதித்து அறிக்கையை எடுத்துக்கொண்டு, பிறகு முழு எண்களுக்காக மறுபடி ஓட்டுகிறேன். (அப்போதும், மிகச் சிறந்த விடைக்கு 1 சதவீத நெருக்கத்தில் வந்ததுமே திருப்தியடைந்து நின்றுவிடும் சால்வரின் இயல்பமைப்பை 0 ஆக்க மறக்கக்கூடாது.)

கட்டுப்பாடுகள் மூன்றே இருந்தால் சால்வர் இக்கணக்குக்குக் கையாளும் சிம்ப்ளெக்ஸ் என்ற முறை தரும் விடையில் மூன்று வகைப் பானங்களுக்கு மேல் இராது என்பதும் உண்மை; ஆனால் குறைந்தபட்ச அளவுகளை விதித்து அதைச் சமாளித்துவிடலாம்.

நண்பருக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவர் முழுப் பெட்டிகளாகத்தான் வாங்குவார். அறிக்கைக்காக இருமுறை ஓட்டும் பொறுமை அவருக்கு இல்லை. அறிக்கை இல்லாத வெறும் விடையை, நான்கைந்து வகைப் பானங்களுக்குத் தாளிலேயே ஏறக்குறையப் போட்டுவிடலாம். நான் இதை விடப்போவதில்லை என்பது வேறு விஷயம்.