மொன்றியல் ஸ்கேட்டிங் போட்டிக்குத் தங்குமிடமும் வாகனமும்: 2,140 டொலர் போன கதை

நேற்று இரவுதான் மொன்றியலிலிருந்து வீடு திரும்பினோம். பெட்டியை இன்னும் திறக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். இப்படிப் பேசாமல் இருந்துவிடுகிறவர்களை நம்பித்தான் சிலர் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்.

போன தொகை 2,140 கனடிய டொலர். ஆறு இரவுத் தங்குமிடத்துக்கு 1,800, வாகனத்துக்கும் மெட்ரோ அட்டைகளுக்கும் 340. எனக்கும் மகளுக்கும், இரண்டே பேருக்கு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் போட்டி 2020 மார்ச்சில் மொன்றியலில் நடப்பதாக இருந்தது. அப்போது மகளுக்கு ஒன்பது வயது, பனித்தரையில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். டிக்கெட் வாங்கி, நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். மார்ச் 11ஆம் தேதி, கொரோனாவால் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். அன்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே நகரத்துக்குப் போட்டி திரும்பி வந்தது: 2024 மார்ச் 18 முதல் 24 வரை, பெல் சென்டர் அரங்கில். எல்லா நாளுக்கும் சேர்த்து டிக்கெட்டை நானே வாங்கினேன். அதில் ஒரு குறையும் இல்லை. தங்குமிடத்தில்தான் சறுக்கினேன்.

அரங்கைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் நான் தேடியபோது ஓர் இரவுக்கு 400 டொலருக்குக் குறைந்து எதுவுமில்லை. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். கடைத்தொகுதியின் மேல்மாடியில் சின்ன அலுவலகம். சுவரில் விமானப் படங்கள், மேசையில் பிள்ளையார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது எந்தத் தேதி என்றல்ல, எந்த ஊர் என்று. சொன்னேன். "அட, நம்முடைய பக்கமா!" என்று எழுந்தே விட்டார். என் பெரியப்பா படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் படித்தாராம். தேநீர் வந்தது. மகளைப் பார்த்து, "தங்கச்சி, இந்தப் பிள்ளையும் ஒரு நாள் அந்த அரங்கில் ஆட வேண்டும், நாங்கள் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார். மகள் வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் கைப்பேசியை எடுத்து, வங்கிச் செயலியில் 2,140 டொலரை அனுப்பினேன். ஒப்பந்தத்தை வாசித்தேனா? இல்லை. பெரியப்பாவின் மாணவரிடம் யாராவது ஒப்பந்தம் கேட்பார்களா?

கிடைத்தது ஒரே ஒரு தாள். அதில் "மொன்றியல் பெருநகரம், மெட்ரோ அருகில், ரயில் நிலையத்திலிருந்து வாகனம், தினமும் போட்டி முடிந்ததும் அரங்கு வாசலிலிருந்து வாகனம், பயண அட்டைகள் அடக்கம்" என்று எழுதியிருந்தது. "பெருநகரம்" என்ற சொல்லை அப்போதே நின்று பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை ரயிலில் போய் இறங்கினோம். மொன்றியல் மத்திய ரயில் நிலையத்திலிருந்து பெல் சென்டருக்கு நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். நாங்கள் அங்கே நின்றது ஐம்பது நிமிடம், வராத வாகனத்துக்காக. தொலைபேசியில் அந்தப் பயண ஏற்பாட்டாளர் "சாரதி வந்துகொண்டிருக்கிறார்" என்றார். பிறகு "பாலத்தில் நெரிசல்" என்றார். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்சி பிடித்து முகவரியைக் காட்டினால், சாரதி என்னைத் திரும்பிப் பார்த்து "லவால்?" என்றார். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் வேறொரு நகரம்! மெட்ரோ அருகில் என்பதும் பொய். கடைசி நிலையமான மொன்மொரன்சிக்குப் போகவே ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து அரங்கின் நிலையமான லூசியன் லாலியேவுக்குப் பதினெட்டு நிறுத்தங்கள்.

வீடு திறந்தது, அதுவரை சரி. போர்வை ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை, பெண்களின் ஷார்ட் புரோகிராம், அதாவது முதல் சுற்று. காலையில் வருவதாகச் சொன்ன வாகனம் அன்றும் வரவில்லை. பஸ் பிடித்து, ஓடி, மொன்மொரன்சி நிலையத்துக்குப் போய் மகள் அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. திருப்பி வைத்தாள். மீண்டும் சிவப்பு. என் அட்டைக்கும் அதுவே. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கூண்டுக்குள் இருந்த பெண் வெளியே வந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்து, பொறுமையாக, பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். 2022 ஜூலையிலிருந்து கட்டணம் மண்டலவாரியாக மாறியிருக்கிறது. மொன்றியல் தீவு ஏ மண்டலம், லவாலும் லோங்கேயும் பி மண்டலம். எங்களிடம் இருந்தவை ஏ மண்டலத்துக்கு மட்டும் செல்லும் அட்டைகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவற்றை வைத்து உள்ளே நுழைய முடியாது. லவாலில் வீட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு லவாலில் செல்லாத அட்டையை வாங்கத் தெரிந்திருக்கிறது! புதிய டிக்கெட் எடுத்து அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் இரண்டு குழுக்கள் ஆடி முடித்துவிட்டிருந்தன.

வியாழன் இரவை மட்டும் யாரும் எங்களிடமிருந்து பறிக்க முடியவில்லை. ஜோடிப் பிரிவில் டியானா ஸ்டெல்லாட்டோ டுடெக், மாக்சிம் டெஷான் இருவரும் சொந்த மக்கள் முன்னால் தங்கம் வென்றார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது 40 வயது. அரங்கே எழுந்து நின்றது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல். பிறகு வெளியே வந்து, வராத வாகனத்துக்காகக் குளிரில் நின்றோம். அரங்கிலிருந்து வெளியே கால் வைக்காமலே மெட்ரோவுக்கு இறங்க வழி இருக்கிறது. வாகனம் வரும் என்று ஒருவர் சொன்னதை நம்பித் தெருவில் நின்றது நாங்கள் மட்டும்தான்.

அன்று இரவு அவருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் விழவில்லை. வெள்ளி காலை அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு பையன் எடுத்து, "அண்ணை கோயிலுக்குப் போய்விட்டார்" என்றான். பத்து மணிக்கும் கோயில், இரண்டு மணிக்கும் கோயில். எந்தக் கோயிலில் அவ்வளவு நீளப் பூசை? மாலையில் அவரே எடுத்தார். குரலில் தங்கச்சி இல்லை. "நான் இடையில் நிற்கும் ஆள்தானே, வீடு என்னுடையதா? தாளில் பெருநகரம் என்றுதான் போட்டிருக்கிறேன், வாசிக்காதது உங்கள் பிழை." பணத்தைப் பற்றிக் கேட்டதும், அடுத்த பயணத்துக்கு அவரிடமே பதிவு செய்தால் 150 டொலர் கழித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த பயணமாம்!

அந்த இரவு கதவைத் தட்டியவர் கட்டடப் பொறுப்பாளர். இங்கே நாள் வாடகைக்கு விட அனுமதி இல்லை, சனிக்கிழமை ஐந்து மணிக்குள் காலி செய்யுங்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பழைய மொன்றியலில் 2023 மார்ச் 16ஆம் தேதி ஒரு கட்டடம் எரிந்து ஏழு பேர் இறந்ததும், அவர்களில் சிலர் இப்படி நாள் வாடகைக்குத் தங்கியிருந்தவர்கள் என்பதும் செய்தியில் வந்தவைதான். அதன் பிறகு மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் சட்டம் இறுகிவிட்டது. குறுகிய கால வாடகைக்கு விடும் இடத்துக்குப் பதிவு எண் வேண்டும், விளம்பரத்தில் அந்த எண் இருக்க வேண்டும். என் தாளில் எண் எங்கே? ஓராண்டுக்கு முன் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறிய நானே, அப்படியொரு வீட்டில் மகளைப் படுக்க வைத்திருந்தேன்.

பயண ஏற்பாட்டாளரை மீண்டும் அழைத்தேன். திடீரென்று இனிமை திரும்பிவிட்டது. "தங்கச்சி, நாளைக்கு நாலரைக்கு வாகனம் வரும். அரங்குக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் எடுத்திருக்கிறேன். என்னை நம்புங்கள்." நம்பினேன். இதை எழுதவே கை கூசுகிறது. நான்கு நாள் ஏமாந்த பிறகும் நம்பினேன்.

சனிக்கிழமை பனி நடனம் முழுவதையும் பார்க்காமல் பாதியில் எழுந்து லவாலுக்கு ஓடினோம். பெட்டிகளை இறக்கி வாசலில் வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். வாகனம் வரவில்லை. கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. பெட்டிகளோடு அரங்குக்குள் விட மாட்டார்கள். கடைசியில் என் கணவரின் பள்ளித் தோழர் ஒருவர் கோட் டி நேஷ் பகுதியில் இருப்பது நினைவுக்கு வந்து, அவர் வீட்டில் பெட்டிகளைப் போட்டுவிட்டு பிளமொண்டன் நிலையத்திலிருந்து மெட்ரோ பிடித்தோம். ஒரே வழித்தடம், மாறத் தேவையில்லை, எட்டே நிறுத்தங்கள். இது முதலிலேயே தோன்றியிருந்தால்!

நாங்கள் இருக்கையில் போய் உட்கார்ந்தபோது ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட்டில், அதாவது இரண்டாம் சுற்றில், முதல் குழு முடிந்துவிட்டது. முதல் குழு என்றால் ஷார்ட் புரோகிராமில் பின்னால் நின்றவர்கள், பரவாயில்லை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். புள்ளிப் பலகையைப் பார்த்த மகள் என் கையைப் பிடித்தாள். முதலிடத்தில் ஆடம் சியாவோ ஹிம் ஃபா. ஷார்ட் புரோகிராமில் 19ஆவது இடத்துக்குச் சரிந்த பிரெஞ்சுக்காரர், மகளுடைய அறைச் சுவரில் படமாக இருப்பவர். பக்கத்து இருக்கை அம்மையார் கையைப் பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார். குட்டிக்கரணம்! அப்போதைய விதிப்படி தடை, புள்ளி வெட்டுவார்கள் என்று தெரிந்தே பனியில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டிருக்கிறார். அன்றிரவு முடிவில் அவருக்கு வெண்கலம், 19இலிருந்து 3. இல்யா மலினின் ஆக்சல் என்ற தாவலை நான்கரைச் சுற்றோடு போட்டு, ஃப்ரீ ஸ்கேட்டில் 227.79 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றதை நேரிலேயே பார்த்தோம். அது வாழ்நாளுக்கும் போதும்தான். ஆனால் மகள் வீட்டுக்கு வரும் ரயிலில் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அந்தக் குட்டிக்கரணத்தை. எனக்கு 2,140 டொலரைவிட அதுதான் வலிக்கிறது.

திரும்பி வந்ததும் விசாரித்தேன். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் பயணச் சேவை விற்பவர்கள் டிக்கோ எனப்படும் மாகாணப் பயணத்துறை மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். யார் பதிந்திருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் தேடிய பெயர் அங்கே இல்லை. வங்கியில் கேட்டேன். செயலியில் இப்படி அனுப்பும் இ-டிரான்ஸ்ஃபர் ஒருமுறை மறுபக்கக் கணக்கில் ஏறிவிட்டால் திரும்ப இழுக்க முடியாதாம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் தகராறு மனுவாவது போட்டிருக்கலாமாம். 2,140 டொலரை நானே, என் விரலாலேயே அனுப்பியிருக்கிறேன்.

வெளியூர்ப் போட்டிக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும் எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுதுவதாகப் போன மாதம் இங்கே சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: முகவரியை வாங்கி வரைபடத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பதிவு எண் கேளுங்கள், தங்குமிடத்துக்கும் சரி, விற்பவருக்கும் சரி. மெட்ரோ அட்டையை நீங்களே அங்கே போய் வாங்குங்கள், மண்டலத்தைப் பார்த்து. வாகனம் வரும் என்று யார் சொன்னாலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஊர் எது என்று கேட்டால் சொல்லுங்கள், ஆனால் பணப்பையை மூடி வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். முறைப்பாட்டுக்கு அந்தப் பரிமாற்றத்தின் அத்தாட்சி வேண்டுமாம், வங்கியை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.