"பழசை அழிச்சாத்தான் புதுசு ஓடும்" என்று சொல்பவரிடம் உங்கள் லினக்ஸ் கணினியைக் கொடுக்காதீர்கள்

திரையில் ஜன்னல்களை எங்கே, எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளான விண்டோ மேனேஜரை மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒருவர், போன மாதம் என்னிடம் ரூ. 6,500 வாங்கிக்கொண்டு நான்கு நாள் என் வேலையை முடக்கிவிட்டுப் போனார். அவர் பெயரையோ கடை பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்ன பொய்யை மட்டும் எழுதுகிறேன். அதே பொய்யை வேறு யாராவது உங்களிடமும் சொல்லக்கூடும்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் சப்டைட்டில் வேலையும் செய்கிறவள். இரண்டு திரை பொருத்திய வொர்க்ஸ்டேஷன், அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். தமிழ்99 விசைப்பலகையில்தான் தட்டச்சு. ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் மூல வசனம், நடுவில் என் கோப்பு, அகராதி என்று எப்போதும் ஐந்தாறு ஜன்னல்கள் திறந்திருக்கும். அவற்றை மவுஸால் இழுத்து இழுத்து வலது மணிக்கட்டில் வலி வந்துவிட்டது. மவுஸைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்போதுதான் ஐ3 பற்றிப் படித்தேன். 2009-இல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் எழுதத் தொடங்கிய விண்டோ மேனேஜர் அது. ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று போடாமல் பக்கம் பக்கமாகத் தானே அடுக்கும். கிட்டத்தட்ட எல்லாமே விசைகளில் நடக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்தத் தம்பி வந்தார். சனிக்கிழமை மதியம். வந்ததுமே சொன்னது இது: "அக்கா, ஒரு மிஷின்ல ரெண்டு விண்டோ மேனேஜர் இருக்க முடியாது. பழசு இருந்தா புதுசோட சண்டை போடும். முதல்ல அதை எடுத்துடறேன்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார். முடித்தபோது திரை அழகாக இருந்தது. ஜன்னல்களுக்கு நடுவே இடைவெளி, பின்னால் ஒளி ஊடுருவும் டெர்மினல், கீழே வண்ணப் பட்டை. பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை வேலைக்கு உட்கார்ந்தேன். தமிழ் வரவில்லை. மொழி மாற்றும் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் ஆங்கிலம்தான். எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சிறுத்திருந்தன. பென் டிரைவைச் செருகினால் எதுவும் திறக்கவில்லை. வைஃபை அடையாளமே பட்டையில் இல்லை. இரண்டாவது திரை முதல் திரையின் நகலாக நின்றது. ஒன்றிரண்டு என்றால் பழகிக்கொள்ளலாம். தமிழ் இல்லையென்றால் எனக்கு வேலையே இல்லை. புதன்கிழமை கொடுக்க வேண்டிய சப்டைட்டில், தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி வெள்ளிக்கிழமைதான் கொடுக்க முடிந்தது. நான் வேலை செய்து கொடுக்கும் இடத்தில் நாள் தவறியது அதுதான் முதல் தடவை.

தம்பிக்குப் போன் செய்தேன். "லினக்ஸ்ல அப்படித்தான் அக்கா, ஒண்ணொண்ணாத்தான் செட் பண்ணணும்" என்றார். பழையபடியே மாற்றிக் கொடுங்கள் என்றதும், மொத்தமாக ரீஇன்ஸ்டால் செய்யணும், ரூ. 4,000 ஆகும், வருஷ சர்வீஸ் எடுத்துக்கிட்டா குறைச்சுக்கலாம் என்று பதில் வந்தது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி சிஸ்டம் அட்மினாக இருக்கிறாள். அன்று இரவு அவளைக் கூப்பிட்டேன். அவள் முதலில் திறக்கச் சொன்னது ஒரு பதிவேட்டை. டெபியனிலும் உபுண்டுவிலும் எந்த மென்பொருளை எப்போது நிறுவினார்கள், எப்போது நீக்கினார்கள், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதெல்லாம் தேதி, நேரத்தோடு மென்பொருளை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஏபிடி-யின் ஹிஸ்டரி லாகில் பதிவாகும். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஏபிடி என்று போனால் அந்தக் கோப்பு இருக்கும். சனிக்கிழமைக்கான பகுதியை அவளுக்குப் போனிலேயே வாசித்தேன். எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-ஐ அவர் நீக்கியிருக்கிறார். லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம்-ஐயும் நீக்கியிருக்கிறார். அடுத்த வரியில் ஆட்டோரிமூவ், அதாவது இனித் தேவையில்லை என்று கணக்கானவற்றை மொத்தமாக நீக்கும் கட்டளை.

அந்த ஆட்டோரிமூவ்தான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. எக்ஸ்எஃப்சிஇ என்ற பொட்டலத்தில், அதாவது நிறுவும் பேக்கேஜில், சொந்தமாக ஒன்றும் கிடையாது. பேனல், கோப்பு மேலாளர், செட்டிங்ஸ், விண்டோ மேனேஜர் என்று பல பொட்டலங்களைக் கட்டிவைத்திருக்கும் ஒரு கயிறு மாதிரி அது. விண்டோ மேனேஜரை உருவினால் அந்தக் கயிறு அறுந்துவிடும். உடனே கணினி மற்றவற்றை 'யாருக்கும் தேவைப்படாதவை' என்று கணக்கு வைக்கும். ஆட்டோரிமூவ் கொடுத்தால் அத்தனையும் போய்விடும். நூறுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் அன்று போயிருந்தன. எழுத்தின் அளவைக் கவனித்தது, பென் டிரைவைத் திறந்தது, திரைகளை நினைவில் வைத்தது எல்லாம் அவற்றில் இருந்தவைதான்.

இரண்டு விண்டோ மேனேஜர் ஒரு கணினியில் இருக்க முடியாது என்பது எவ்வளவு தவறு என்று தோழி விளக்கினாள். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்பான எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-இல் எம்ஐடி-யில் தொடங்கியது. இன்றுவரை புழங்கும் எக்ஸ்11 வந்தது 1987-இல். தொடக்கத்திலிருந்தே அதில் விண்டோ மேனேஜர் தனி புரோகிராம். தலைப்புப் பட்டை போடுவது, ஜன்னலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் எக்ஸின் மையப் புரோகிராமான சர்வர் முடிவு செய்யாது. அந்த வேலையை வேறொரு புரோகிராமுக்கு விட்டுவிடும். நமக்குப் பிடித்ததை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படிப் பிரித்து வைத்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு *ஓட* முடியாது என்பது உண்மை. எல்லா ஜன்னலுக்கும் அடியில் இருக்கும் ரூட் விண்டோவில், 'இதைக் காட்டு, இதை நகர்த்து' என்று வரும் வேண்டுகோள்களை ஒரே ஒரு புரோகிராம்தான் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாவது வந்து கேட்டால் சர்வர் மறுத்துவிடும். ஆனால் வன்தட்டில் பத்து விண்டோ மேனேஜர் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. லாகின் திரையின் மூலையில், எதில் நுழைவது என்று கேட்கும் செஷன் பட்டியல் இருக்கும். இன்று ஐ3, நாளை எக்ஸ்எஃப்சிஇ என்று அதில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும். சில விண்டோ மேனேஜர்களில் ரீப்ளேஸ் என்றே ஒரு தெரிவு உண்டு. ஓடிக்கொண்டிருப்பதை விலகச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4, ஓப்பன்பாக்ஸ் இரண்டிலும் அது இருக்கிறது.

அந்த லாகின் திரையையே அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக என்ன செய்திருந்தார் என்று தெரிந்தபோது எனக்குக் கோபத்தைவிட பயம்தான் வந்தது. கணினி தொடங்கியதும் கடவுச்சொல் கேட்காமல் எழுத்து மட்டும் வரும் முதல் கன்சோலில் என் பெயரில் உள்ளே போய், எக்ஸைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை மூலம் ஐ3-ஐத் திறக்கும்படி வைத்திருந்தார். நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை கொடுக்க உதவும் சூடோவுக்கும் கடவுச்சொல் வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். திரைப்பூட்டு எங்கேயும் இல்லை. வெளிவராத படங்களின் வசனம் இருக்கிற கணினி இது. பட்டனைத் தட்டிய யாருக்கும் முழுதாகத் திறந்து கிடந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தமிழ் போனதற்கும் இதுதான் காரணம். டெபியனில் வழக்கமான லாகின் வழியாகப் போனால் தொடக்க வேலைகளைச் செய்யும் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டுகள் ஓடும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை எழுப்பிவிடுவது அவற்றில் ஒன்று. ஸ்டார்ட்எக்ஸுக்கு அவர் எழுதிய எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பு அந்த வழியைத் தாண்டி நேராக ஐ3-ஐ அழைத்தது. தமிழ்99 கணினியில் இருந்துகொண்டேதான் இருந்தது, அதை எழுப்ப ஆள் இல்லை. தமிழிலோ வேறு எந்த இந்திய மொழியிலோ தட்டச்சு செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற டெக்னீஷியனுக்கு இது கண்ணிலேயே படாது.

ஐ3-க்கான கன்ஃபிக், அதாவது அமைப்புக் கோப்பும் அவர் எழுதியதில்லை. பின்னணிப் படத்துக்கான வரியில் யாரோ ஒருவருடைய ஹோம் அடைவின் பெயர் அப்படியே இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஐ3 தானாக உருவாக்கித் தரும் கன்ஃபிக்கில் திரையைப் பூட்ட ஒரு வரி, நெட்வொர்க் அடையாளத்துக்கு ஒரு வரி, மற்ற புரோகிராம்களைத் தொடங்க ஒரு வரி என்று ஆரம்பத்திலேயே இருக்கும். ஒட்டிய கோப்பில் மூன்றும் இல்லை.

சரிசெய்ய ரீஇன்ஸ்டால் தேவைப்படவே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்னொரு கன்சோலுக்குப் போனேன். தோழி சொல்லச் சொல்ல எக்ஸ்எஃப்சிஇ-யையும் லைட்டிஎம்-ஐயும் மறுபடி நிறுவினேன். தானாக லாகின் ஆகும் அமைப்பையும் அந்த சூடோ வரியையும் எடுத்தேன். கணினியைத் திரும்பத் தொடங்கினால் பேனல், குறுக்குவிசைகள், திரை அமைப்பு எல்லாம் முன்பிருந்தபடியே வந்து நின்றன. பொட்டலத்தை நீக்கினாலும் ஹோம் அடைவில் இருக்கும் நம் அமைப்புகளை ஏபிடி தொடாது. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இதற்குத்தான் ரூ. 4,000 கேட்டார்.

இப்போது ஐ3-தான் பயன்படுத்துகிறேன், எக்ஸ்எஃப்சிஇ-க்குள்ளேயே. எக்ஸ்எஃப்சிஇ செஷன் தொடங்கும்போது முதலில் எந்த விண்டோ மேனேஜரை அழைப்பது என்பது அதன் அமைப்பில் ஒரே ஒரு வரி. அதில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 இருந்த இடத்தில் ஐ3 என்று மாற்றினோம். டெஸ்க்டாப் பின்னணியை வரையும் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்பை நிறுத்தினோம், இல்லையென்றால் அதையும் ஒரு ஜன்னலாக நினைத்து ஐ3 இடம் ஒதுக்கிவிடும். சேமித்து வைத்த பழைய செஷனை அழித்தோம், அது இருந்தால் பழைய விண்டோ மேனேஜரே திரும்ப வரும். அவ்வளவுதான் வேலை. பேனல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, தமிழ் இருக்கிறது. மணிக்கட்டுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதையே எதிர்பார்க்க வேண்டாம். 2011-இல் க்னோம் 3 வந்ததிலிருந்து விண்டோ மேனேஜர் க்னோம் ஷெல்லுக்குள்ளேயே கலந்துவிட்டது, அதை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டிலும் திரையைக் காட்டுவதும் ஜன்னலை ஆள்வதும் ஒரே புரோகிராம். அங்கே வேறொரு செஷனைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். 'விண்டோ மேனேஜரை மட்டும் மாத்தித் தரேன்' என்று க்னோமைப் பார்த்து ஒருவர் சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் ஒரு புதிய பயனர் கணக்கைத் திறந்து அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். நீக்கும் கட்டளை கொடுத்தால் எதெல்லாம் போகப் போகிறது என்று ஏபிடி பட்டியல் காட்டி ஒப்புதல் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி நீங்களே படியுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கணினியை அணைத்துத் தொடங்கிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்கிறதா, செஷன் பட்டியலில் பழைய டெஸ்க்டாப்பும் இருக்கிறதா, தமிழில் ஒரு வரி அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அன்று இந்த மூன்றையும் பார்த்திருந்தால் அந்தத் தம்பி என் வீட்டில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும்.

ஹிஸ்டரி லாகின் அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, ரூ. 2,000 தருகிறேன் என்று ஒரு வரி எழுதினார். முழுத் தொகையும் வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்றுவரை அந்த இரண்டாயிரமும் வரவில்லை.