‘நேனி’ (2022): ஆயாவைப் பேயாக்காத பேய்ப்படம்

பேய்ப்படத்தில் ஆயா வந்தால் அவள்தான் வில்லி. அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். 1976ல் வந்த ‘தி ஓமன்’ படத்தில் பில்லி ஒயிட்லா நடித்த மிஸஸ் பேலாக் வீட்டுக்குள் நுழைகிற காட்சியே அடிவயிற்றைக் கலக்கும். அவளை வேலைக்கு வைத்தது யார் என்று அப்பா அம்மாவைக் கேட்கிறார், அம்மாவோ நீங்கள்தானே ஏற்பாடு செய்தீர்கள் என்கிறார், அதற்குள் அவள் மாடிக்கே போய்விடுகிறாள். 1990ல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் ‘தி கார்டியன்’ எடுத்தார். அதில் ஆயா கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் காட்டில் ஒரு மரத்துக்குப் பலி கொடுக்கிறாள். மரம் ஆட்களைக் கொல்லும் காட்சிகள் மிரட்டலாக இருக்கும், ஆனால் அந்த ஆயா எங்கிருந்து வந்தாள், எதற்காக இந்த மரத்துக்கு இப்படி உழைக்கிறாள் என்று படம் கடைசி வரை நிதானமாக உட்கார்ந்து சொல்லவே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

அந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் பிரைமில் ‘நேனி’ பார்க்க உட்கார்ந்தேன். பெருங்குடியில் எங்கள் ஃபிளாட், வெளியே மழை, மகள் தூங்கியாகிவிட்டது. நிக்யாட்டு ஜூசு எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம், 2022 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்கக் கதைப்படப் பிரிவின் கிராண்ட் ஜூரி பரிசு வாங்கியது. இதுவும் இன்னொரு கெட்ட ஆயா கதைதான் என்று நினைத்து ஆரம்பித்தேன், அரை மணி நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆயிஷா செனகல் நாட்டிலிருந்து நியூயார்க் வந்தவள். ஊரில் டீச்சர். கையில் சரியான குடியேற்றக் காகிதங்கள் இல்லை. மன்ஹாட்டனில் ஒரு பணக்கார வீட்டில் ரோஸ் என்ற சிறுமியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கிறது. அவளுடைய சொந்தப் பிள்ளை லமீன் ஊரில் இருக்கிறான். அவனை அழைத்துக்கொள்ள டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறாள், போனில் அவன் முகத்தைப் பார்க்கிறாள், பாதி நேரம் லைன் கட்டாகிவிடுகிறது. கதை இவ்வளவுதான். பயம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த வீட்டு அம்மா ஏமி சம்பளத்தை இழுத்தடிப்பதிலிருந்து வருகிறது. கெட்ட வார்த்தை ஒன்று பேசுவதில்லை. சிரிக்கிறாள், கட்டிப்பிடிக்கிறாள், தன்னுடைய சிவப்பு உடையைப் போட்டுக்கொள்ளக் கொடுக்கிறாள், ராத்திரி தங்கு என்கிறாள், அந்த ராத்திரிக்கான காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ரோஸுக்கு இன்னின்னதுதான் தர வேண்டும் என்று அம்மாவிடம் ஏகப்பட்ட விதிகள், குழந்தையோ எதையும் தொடுவதில்லை. ஆயிஷா தனக்கென்று கொண்டுவந்த ஜொலோஃப் சோற்றைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது. ஜொலோஃப் என்றால் தக்காளியும் மிளகாயும் போட்டு அரிசியை அதிலேயே வேகவைப்பது, நம் தக்காளி பிரியாணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பிள்ளை சாப்பிட்டுவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டிய அம்மாவுக்கு முகம் சுருங்குகிறது.

சரி, மாந்திரீகத்துக்கு வருகிறேன். ஆயிஷாவைச் சுற்றி இரண்டு பேர் நடமாடுகிறார்கள். ஒன்று அனான்சி, கானா நாட்டு அக்கான் மக்களின் கதைகளில் வரும் சிலந்தி, பலசாலிகளைத் தந்திரத்தால் ஜெயிப்பவன். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் அந்தக் கதைகளைக் கரீபியன் தீவுகள் வரைக்கும் கூடவே கொண்டுபோனார்கள். இன்னொன்று மாமி வாட்டா, மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் கும்பிடப்படும் நீர்த்தெய்வம், பாதி மீன், தோளில் பாம்பு, கையில் கண்ணாடியும் சீப்பும். இந்தத் தெய்வத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாம்பைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணாக மாமி வாட்டாவின் பிரபலமான உருவம் 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் படத்திலிருந்து வந்தது, அந்தப் படத்தை 1955ல் மறுபடி அச்சடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது பம்பாயில் ஒரு காலண்டர் கம்பெனி. சிவகாசி காலண்டரில் முருகனைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

நம் படங்களில் மாந்திரீகம் என்றால் மண்டை ஓடு, எலுமிச்சம்பழம், குங்குமம் பூசிய ஒரு மந்திரவாதி, கடைசியில் ஒரு சாமி வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிடும். இங்கே அப்படியில்லை. தண்ணீர் வருகிறது, சிலந்தி வருகிறது, நீச்சல் குளத்துக்குள் ஏதோ இழுக்கிறது, ஆனால் இவை எதிரியா, எச்சரிக்கையா என்று ஆயிஷாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தக் கட்டடத்துக் காவலாளி மாலிக்கின் பாட்டியாக லெஸ்லி அக்கம்ஸ் வருகிறார். அந்தச் சக்திகள் உன்னிடம் என்ன கேட்கின்றன என்று யோசி என்கிற மாதிரி அவர் பேசுவது எனக்கு அப்படியே எங்கள் ஊர்ப் பாட்டிகள் குறி சொல்வதைக் கேட்பது போலிருந்தது.

என் மகளுக்கு முதல் இரண்டு வருஷம் கண்ணகி நகரிலிருந்து ஒரு அக்கா வந்தார். காலை ஏழரைக்கு பஸ் பிடித்து வந்துவிடுவார், அவருடைய பையன் அவர் அம்மாவிடம் இருப்பான். அவர்தான் குழந்தையின் கையில் வசம்பு கட்டினார். பொழுது சாய்ந்த பிறகு வசம்பு என்று வாயால் சொல்லக்கூடாது, பேர் சொல்லாதது என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் உப்பும் மிளகாயும் எடுத்து, ஊர்க்கண் உறவுக்கண் நாய்க்கண் நரிக்கண் என்று முணுமுணுத்து சுற்றிப் போடுவார். மிளகாய் நெடி வரவில்லை என்றால், பார்த்தியாம்மா எவ்வளவு கண்ணு என்பார். நான் பொறுத்துக்கொண்டேனே தவிர மதிக்கவில்லை. இதெல்லாம் தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை என் பிள்ளைக்குச் செய்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு மாதம் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளித்தான் கொடுத்தேன், நாளைக்கு ஜிபே பண்ணிடறேன் அக்கா என்று தினம் சொல்லிக்கொண்டு. ஏமி அதே குரலில் அதையே சொன்னபோது படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஆயிஷாவாக நடித்த ஆனா டியோப் செனகலில் பிறந்தவர். மகனிடம் போனில் பேசும்போது ஒரு முகம், ஏமியிடம் பேசும்போது வேறு முகம், மொழியும் மாறுகிறது, குரலும் இறங்குகிறது. படம் அவருடைய தோளில்தான் நிற்கிறது. ஒளிப்பதிவு ரினா யாங். கறுப்புத் தோலை நீலத்திலும் மஞ்சளிலும் இவ்வளவு அக்கறையாக ஒளியூட்டிப் பார்ப்பது அபூர்வம்.

குறை உண்டு. கடைசிப் பதினைந்து நிமிடம் ஓட்டமாக ஓடுகிறது. அதுவரை பொறுமையாகக் கட்டியதை மடமடவென்று முடிக்கிறார்கள், ஒரு பெரிய துக்கத்தை நாம் உள்வாங்கும் முன்பே அடுத்த காட்சி வந்துவிடுகிறது. என்ன துக்கம் என்று சொல்லமாட்டேன். இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் இதை ஐந்துக்கு ஐந்து என்றே சொல்லியிருப்பேன், இப்போது நாலு. அப்புறம், திடீர் திடீரென்று தூக்கிப்போடும் பயத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள், இது மெதுவாக ஊறுகிற படம். ஆங்கிலத்தோடு செனகல் மொழியான வோலோஃபும் பிரெஞ்சும் கலந்து வரும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஹெட்போனில் பாருங்கள். சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சத்தம் படம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். நான் இரண்டு முறை எழுந்து போய் பாத்ரூம் குழாயைப் பார்த்துவிட்டு, அப்படியே மகளின் கட்டிலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தேன்.