ஓடுபாதையைக் கடலுக்குக் கொண்டுபோன கப்பல்: சான் டியேகோவின் மிட்வே அருங்காட்சியகம்

சான் டியேகோ நகரின் நடுப்பகுதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், துறைமுகச் சாலையை ஒட்டி, மிட்வே என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நிரந்தரமாகக் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஜப்பான் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட 8 நாட்களுக்குப் பிறகு, 1945 செப்டம்பர் 10 அன்று பணியில் சேர்ந்த இந்தக் கப்பல், 1992 ஏப்ரலில் ஓய்வு பெற்று, 2004 ஜூனில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் நான் இரண்டு முறை இங்கே போனேன். முதல் முறை பேரனுடன் போனபோது அவன் கைகாட்டிய விமானங்களை மட்டுமே பார்த்தேன். இரண்டாவது முறை தனியாக, ஒரு கேள்வியோடு போனேன்.

அந்தக் கேள்வியை எழுப்பியது மேல்தளத்திலிருந்து தெரியும் காட்சிதான். விரிகுடாவின் எதிர்க்கரையில் நார்த் ஐலண்ட் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இன்றும் பணியிலுள்ள அணுசக்தி விமானந்தாங்கிகள் ஊருக்குத் திரும்பினால் அங்கேதான் நிற்கும். ஓய்வு பெற்ற கப்பலில் நின்றுகொண்டு அதன் வாரிசுகளைப் பார்க்க முடிகிற இடம் இது. அமெரிக்காவின் புதிய வகைக் கப்பலான ஜெரால்டு ஃபோர்டு ஒன்றைக் கட்டுவதற்கு மட்டும் சுமார் 1,300 கோடி டாலர் செலவாயிற்று. நம் கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்த்த விக்ராந்துக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். கடல் கடந்து வேறொரு நாட்டில் படையை இறக்கவோ, தாக்கவோ, மக்களை மீட்கவோ இவ்வளவு விலை கொடுத்தே ஆக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இந்த மதிப்புரையும் அதை ஒட்டியே அமைகிறது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குத் தேவையான சான்றுகளில் பாதி இந்த ஒரே கப்பலுக்குள் இருக்கிறது.

நுழைவுச்சீட்டுடன் ஒலி வழிகாட்டியும் தருகிறார்கள். ஒவ்வோர் அறையின் எண்ணை அழுத்தினால், அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகளோடு விளக்கம் வருகிறது. பலரும் நேரே மேல்தளத்துக்கு ஏறிவிடுகிறார்கள். நான் கீழேயிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் பணம் எங்கே போகிறது என்பது கீழ்த்தளங்களில்தான் தெரியும். 12 கொதிகலன்கள், 4 சுழலித் தண்டுகள், அவற்றைச் சுற்றித் தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் ஓடும் வெள்ளை உறை போட்ட நீராவிக் குழாய்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கைக்கு எட்டும் திருகு சக்கரங்கள் என்று என்ஜின் அறை நெருக்கமாக இருக்கிறது. அங்கே நின்றிருந்த தன்னார்வ வழிகாட்டி, இத்தகைய அறைகளில் இளமையைக் கழித்த முதியவர். கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோது இங்கே வெக்கை எப்படி இருந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு கைப்பிடிச் சக்கரத்தின் அருகே உள்ளங்கையை வைத்து, தொடாமல், சட்டென்று இழுத்துக் காட்டினார். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்தக் கை மறக்கவில்லை.

மாலுமிகளின் படுக்கைகள் மூன்று அடுக்காகத் தொங்குகின்றன. ஒருவர் புரண்டு படுத்தால் தோள் மேல்படுக்கையில் இடிக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. அவரவர் உடைமைகளுக்குப் படுக்கையின் அடியில் ஒரு சிறு பெட்டி. ஏறத்தாழ 4,500 பேர் இப்படி வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான சமையலறை, ரொட்டிக்கூடம், சலவையகம், பல் மருத்துவர் அறை, வழிபாட்டு அறை, சிறு சிறைக்கூடம் எல்லாமே கப்பலுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு விமானந்தாங்கியை வாங்குவதென்றால் ஒரு சிற்றூரையே வாங்கி, அதற்கு நாள்தோறும் சோறு போடுவதாகும். அதோடு முடிவதும் இல்லை. இதைக் காக்கப் பாதுகாப்புக் கப்பல்களும் நீர்மூழ்கியும் எரிபொருள் கப்பலும் உடன் செல்ல வேண்டும். ஒரு கப்பல் எப்போதும் கடலில் நிற்க வேண்டுமானால், பழுதுபார்ப்பில் ஒன்று, பயிற்சியில் ஒன்று என்று மூன்று வேண்டும் என்பது கடற்படைகளின் பொதுக் கணக்கு. ஆகவே ஒரு கப்பலின் விலை என்று நாளிதழ்களில் வரும் தொகை செலவின் தொடக்கம் மட்டுமே.

இத்தனை செலவுக்கும் கைம்மாறாகக் கிடைப்பது மேல்தளம், அதாவது எந்த நாட்டிடமும் அனுமதி கேட்காமல் நகர்த்திச் செல்லக்கூடிய ஓர் ஓடுபாதை. அந்தத் தளத்தின் வரலாற்றில், வியட்நாம் போர் முடிவுக்கு வந்த 1975 ஏப்ரல் இறுதி நாட்களைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏப்ரல் 29 அதிகாலையில் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனின் டான் சன் நட் விமான நிலையத்தின் மீது ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் விழுந்தன. ஓடுபாதை பயன்படாமல் போனதும், பெரிய விமானங்களில் மக்களை ஏற்றும் திட்டம் அன்றே முடிந்தது. எஞ்சியிருந்த ஒரே வழி, கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டர்களை அனுப்புவது. அமெரிக்க விமானப்படையின் பெரிய ஹெலிகாப்டர்களை ஏற்றிக்கொண்டு மிட்வே அங்கே நின்றது. இரண்டு நாட்களுக்குள் ஏறத்தாழ 3,000 பேர் இந்தத் தளத்தில் வந்திறங்கினார்கள்.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில், தென் வியட்நாம் விமானப்படையின் மேஜர் புவாங் லீ, மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, பேர்ட் டாக் என்னும் சிறு வேவு விமானத்தில் கப்பலின் மேல் வட்டமடித்தார். தான் இறங்க இடம் கேட்டு எழுதிய சீட்டுகளை மேலிருந்து போட்டார். முதலில் போட்டவை காற்றில் கடலுக்குப் போய்விட, கைத்துப்பாக்கி உறையோடு சேர்த்துப் போட்ட சீட்டு தளத்தில் விழுந்தது. ஹெலிகாப்டர்களை ஒருபுறம் ஒதுக்கினால் என்னால் இறங்க முடியும், இன்னும் ஒரு மணி நேரம் பறக்க எரிபொருள் இருக்கிறது, காப்பாற்றுங்கள் என்பது அதன் சாரம். கப்பல் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ், நகர்த்த முடியாத ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். ஒரு கோடி டாலர் பெறும் என்று சொல்லப்படும் அந்த ஹெலிகாப்டர்களை மாலுமிகள் கையால் தள்ளிவிட்டார்கள். இறங்கும் விமானங்களைப் பிடித்து நிறுத்தும் கம்பி வடங்களையும் கழற்றினார்கள், கொக்கி இல்லாத அந்தச் சிறு விமானத்தின் சக்கரத்தை அவை தட்டிவிடும் என்பதால். கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தது. விமானம் தளத்தைத் தொட்டு, சற்றே எம்பி, உருண்டு நின்றது. அந்த விமானம் இன்று ஃபுளோரிடாவில் பென்சகோலா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது நின்ற தளத்தில் நம் கால்படுவது இங்கேதான். ஏழு பேர் உயிருக்காக அத்தனை தளவாடத்தைக் கடலில் தள்ளத் துணிந்த மனிதர்களை எண்ணி அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

இந்தக் கதையோடு நிறுத்திக்கொண்டால் விமானந்தாங்கி இன்றியமையாதது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். ஆனால் அதே வாரத்தில், சரக்குக் கப்பல்களில் ஏற்றி மீட்கப்பட்டவர்கள் பல்லாயிரக்கணக்கானோர். கிர்க் என்ற சிறிய பாதுகாப்புக் கப்பல், தென் வியட்நாம் கடற்படையின் எஞ்சிய கலங்களை ஏறத்தாழ 30,000 அகதிகளோடு பிலிப்பைன்சுக்கு வழிநடத்திச் சென்றது. மிட்வேயின் சேவையை மதிக்கும்போது இவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று மிட்வேயின் கதைக்கு நேர் எதிர்த் திசையில் பேசுகிறது. 1988 நவம்பர் 3 அன்று, புளொட் இயக்கத்தைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவினர் சுமார் 80 பேர், அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுத் தொழிலதிபருக்காக மாலே நகரில் இறங்கி அரசைக் கவிழ்க்க முயன்றார்கள். அதிபர் கயூம் உதவி கேட்டதும், அன்றிரவே ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்கள் பராசூட் படையினரை ஏற்றிக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கின. விமானந்தாங்கி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அழைத்த அரசு இருந்தது, கைப்பற்றப்படாத ஓடுபாதை இருந்தது, அவ்வளவே போதுமானதாக இருந்தது. பிணைக்கைதிகளோடு கடலுக்குத் தப்பிய புரோகிரஸ் லைட் என்ற சரக்குக் கப்பலை மறிப்பதற்குத்தான் கடற்படை வேண்டியிருந்தது. அதைச் செய்தவை கோதாவரி, பெத்வா என்ற இரண்டு ஃபிரிகேட் கப்பல்கள், அதாவது விமானந்தாங்கியைவிட மிகச் சிறிய போர்க்கப்பல்கள். தலையீட்டுக்குக் கடற்படை வேண்டும், ஆனால் அது விலையுயர்ந்த கடற்படையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. ஹுல்ஹுலேயை அந்தக் குழு முதலிலேயே பிடித்திருந்தால் கணக்கு முற்றிலும் மாறியிருக்கும்.

அழைப்பும் ஓடுபாதையும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு மிட்வேயின் உடன்பிறப்பான, அதே வகையைச் சேர்ந்த கோரல் சீ கப்பல் சான்று. 1986 ஏப்ரலில் லிபியாவைத் தாக்க அமெரிக்கா முடிவெடுத்தபோது, பிரான்சும் ஸ்பெயினும் தங்கள் வான்வழியைத் தர மறுத்தன. பிரிட்டனின் லேக்கன்ஹீத்திலிருந்து கிளம்பிய எஃப்-111 விமானங்கள் ஐரோப்பாவைச் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாக, வானிலேயே பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, போகவர 13 மணி நேரம் பறந்தன. அதே இரவில் கோரல் சீ, அமெரிக்கா என்ற இரண்டு விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள், பக்கத்துக் கடலிலிருந்து போய் பெங்காசிப் பகுதியைத் தாக்கித் திரும்பின. அந்தத் தாக்குதல் சரியா என்பது வேறு விவாதம், அதில் எனக்குக் கடுமையான ஐயங்கள் உண்டு. ஆனால் செலவுக் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. ஃபாக்லாந்து தீவுகளுக்காக 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் நடந்ததும் இதுவே. அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து சென்ற ஒரே ஒரு பிரிட்டிஷ் வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்காகப் பதினொரு எரிபொருள் விமானங்கள் கிளம்பின. அது போட்ட 21 குண்டுகளில் ஒன்று மட்டுமே அர்ஜென்டினாவின் பிடியிலிருந்த ஸ்டான்லி ஓடுபாதையில் விழுந்தது. சில மணி நேரத்தில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியின் சீ ஹாரியர் போர் விமானங்கள் போய்த் தாக்கிவிட்டு அனைத்தும் திரும்பின. அந்த ஹெர்மிஸ்தான் பின்னர் நம் விராட் ஆயிற்று. 2017-இல் ஓய்வு பெற்ற அந்தக் கப்பல் ஆலங் கடற்கரையில் உடைக்கப்பட்டுவிட்டது. மிட்வேயின் தளத்தில் ஓடி விளையாடும் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தபோது, நம் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது மனத்தை வருத்தியது.

1991-ஆம் ஆண்டு மட்டும் இந்தக் கப்பலுக்கு இருவேறு பாடங்களைத் தந்திருக்கிறது. ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது மிட்வே பாரசீக வளைகுடாவில் இருந்தது. ஆயினும் அந்தப் போரின் வான்தாக்குதல்களில் பெரும்பகுதி சவூதி முதலிய நாடுகளின் நிலத் தளங்களிலிருந்தே நடந்தது. இடம் கொடுக்க நாடுகளும், படை திரட்ட ஐந்து மாத அவகாசமும் இருந்தால் விமானந்தாங்கி துணைப் பங்குதான் வகிக்கும். ஜூனில் பினடுபோ எரிமலை வெடித்து, பிலிப்பைன்சிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளம் சாம்பலில் மூழ்கியபோது, அங்கிருந்த படையினரின் குடும்பங்களை மிட்வே ஏற்றிச் சென்று செபு தீவில் இறக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட், அங்கிருந்த அமெரிக்காவின் சூபிக் கடற்படைத் தளத்துக்கான உடன்படிக்கையை 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. மலிவான நிலத்தளம் எரிமலையாலும் போகலாம், ஒரு வாக்காலும் போகலாம்.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. நட்பு நாட்டின் அழைப்பின்பேரில், விமானம் எட்டும் தூரத்தில் தலையிடும் நாட்டுக்கு ஃபிரிகேட்டுகளும் துருப்புக் கப்பல்களும் சரக்கு விமானங்களும் போதும். யாரும் இடம் தராத தொலைவில், தனியாகச் செயல்பட நினைக்கும் நாட்டுக்கு மட்டுமே விமானந்தாங்கி தேவை. 2022 ஏப்ரலில் கருங்கடலில் உக்ரைன் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளால் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியதை நினைத்தால், கரையிலிருந்து வரும் ஏவுகணைக்கு முன் பெரிய கப்பல் எவ்வளவு நெருங்க முடியும் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் கடற்படையாக இருந்தாலும், மக்களை ஏற்றி மீட்கும் கப்பல்களுக்குச் செலவிடுவதை நான் மனமார ஆதரிப்பேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், எனக்கு அதுவும் போதவில்லை. நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் முதியோர் சிரமமின்றிப் போக முடியும். கீழ்த்தளங்களுக்குச் செங்குத்தான இரும்பு ஏணிப்படிகள், தலை இடிக்கும் வாசல்கள். முட்டுவலி உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகளுக்குப் பிடித்த பறத்தல் பாவனை இயந்திரங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அவை அவசியமில்லை. விமானத்தை உந்தி ஏவும் கேட்டபுல்ட்டும் அதைப் பிடித்து நிறுத்தும் இறங்கு கம்பிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று முன்னாள் விமானிகள் மேல்தளத்தில் விளக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். கம்பியைக் கொக்கி பிடிக்கத் தவறினால் மீண்டும் எழும்ப வேண்டும் என்பதற்காக, விமானி தளத்தைத் தொட்ட கணமே முழு விசையையும் கொடுப்பார் என்பதை நான் அங்கேதான் அறிந்துகொண்டேன். அது முடிந்ததும் கப்பலின் பின்முனைக்கு நடந்து போய், புவாங் லீ இறங்கி வந்த திசையில் சற்று நேரம் நின்று பாருங்கள். பேரனை அங்கே நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லாமல் முதல் முறை திரும்பிவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு அவனை மீண்டும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.