வெள்ளைத் தட்டுக்கு எந்தக் கிளேஸ்? பல ஆண்டுப் புழக்கத்தில் கண்டவை

புதுச்சேரியில் ஒரு சிறிய பீங்கான் பட்டறை நடத்துகிறேன். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கிய பிறகு இந்த வட்டாரத்தில் முளைத்த சூளைகளில் என்னுடையதும் ஒன்று. என் தட்டுகளும் கிண்ணங்களும் என் வீட்டிலும் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ்ஸிலும் தினமும் புழங்குகின்றன. அவற்றில் பூசிய மூன்று நிறமற்ற கிளேஸ்களை, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சுகளை, பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். சூளையிலிருந்து எடுக்கும் அன்று மூன்றும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். ரசமும் புளிக்குழம்பும் ஸ்டீல் நாரும் பட்டுப் பட்டு ஓராண்டு கடந்த பிறகே எது தாங்கும், எது தாங்காது என்று தெரிகிறது.

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஈயத்தைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஈயம் கலந்த கிளேஸ் குறைந்த சூட்டிலேயே உருகி அழகாக மின்னும். ஆனால் கலவையோ சூடோ பிசகினால் புளியும் எலுமிச்சையும் அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் இறக்கிவிடும். ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் ஊற்றி வைத்து, அதில் இறங்கும் ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தட்டுக்கு மில்லி லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் ஈயத்தை எல்லையாக வைத்திருக்கிறது, கோப்பைக்கு 0.5 மைக்ரோகிராம்தான். 1200 டிகிரிக்கு மேல் சுடும் பீங்கானுக்கு ஈயமே தேவையில்லை என்பதால் இந்தக் கவலை மூலப்பொருள் வாங்கும்போதே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: கிளேஸ் நம் களிமண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

நான் மிகவும் நம்புவது பழைய 4-3-2-1 கலவையை. பிரிட்டிஷ் மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்குவது: பொட்டாஷ் பெல்ஸ்பார் (உருக்கத்துக்கு உதவும் பாறைப்பொடி) 40, குவார்ட்ஸ் மாவு 30, சுண்ணாம்புக்கல் மாவு 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10. மூலக்கூறு கணக்குப் போட்டால் ஒரு பங்கு அலுமினாவுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு சிலிக்கா வருகிறது. அலுமினா, சிலிக்கா அளவைப் பொறுத்துக் கிளேஸ் பளபளக்குமா மங்குமா என்று காட்ட ஆர்.டி. ஸ்டல் 1912இல் வெளியிட்ட வரைபடத்தில் அது பளபளப்புப் பகுதிக்குள் விழுகிறது. 1280 டிகிரியை ஒட்டிச் சுட்டால் முழுதாக உருகிக் கெட்டியான கண்ணாடியாகிவிடும். எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால், கலவையில் இருக்கும் துளி இரும்பினால் கிண்ணத்தின் அடியில் தேங்கிய இடத்தில் மெல்லிய நீலச் சாயல் தெரியும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். மெஸ்ஸில் எலுமிச்சைச் சாதம் பரிமாறும் தட்டுகள் இன்றும் புதிது போலவே மின்னுகின்றன.

என் களிமண்ணில் அதற்கு ஒரே குறை மயிரிழை விரிசல். ஆறும்போது அடியில் உள்ள களிமண் உடலைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால், இழுபட்டு வெடிக்கிறது. சில நேரம் அன்றே வெடிக்கும். சில நேரம் வாரங்கள் கழித்து அலமாரியிலிருந்து "டிங்" என்று ஓசை வரும். சாம்பார் ஊற்றிய கிண்ணத்தைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மஞ்சள் நூலால் பின்னிய வலை தெரியும். வெயிலில் வைத்தால் அந்த மஞ்சள் வெளுத்துவிடும், ஏனென்றால் மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்கு நிற்காது. தேநீர்க் கறை அப்படிப் போவதில்லை. பழுப்புக் கோடாகத் தங்கிவிடும்.

நன்றாக வெந்த பீங்கான் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. ஆகவே விரிசல் விட்ட தட்டு உடனே உடம்புக்குக் கேடு என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் அதன் வலிமை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. சின்ன இடியிலேயே விளிம்பு தெறிக்கிறது. அதனால் அப்படிப்பட்ட தட்டை யாருக்கும் விற்பதில்லை. குவார்ட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியபோது விரிசல் நின்றது. குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான்; அது கூடினால் கிளேஸின் சுருக்கம் குறைகிறது. பெல்ஸ்பாரிலிருந்து வரும் சோடியமும் பொட்டாசியமும் சுருக்கத்தைக் கூட்டுகின்றன. குவார்ட்ஸ் அளவு மீறினால் கிளேஸ் உருகாமல் மங்கும் என்பதால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. குவார்ட்ஸ் மாவை எடைபோடும்போது நல்ல முகமூடி கட்டாயம் வேண்டும்; அந்தத் தூசி நுரையீரலைவிட்டுப் போகாது.

இரண்டாவது, கடையில் வாளியில் கிடைக்கும் ஆயத்தக் கிளேஸ். 1220 டிகிரிக்கானது, "உணவுக்குப் பாதுகாப்பானது" என்ற அச்சோடு வந்தது. அந்த அச்சு ஈயம், காட்மியம் பற்றியது. உங்கள் களிமண் எப்படிச் சுருங்கும் என்பது அதை அச்சிட்டவருக்குத் தெரியாது. வேறு களிமண்ணுக்காகச் சமைத்த கிளேஸ், குறைவாகச் சுருங்கும் என் வெள்ளை உடலில் வலைவலையாக வெடித்தது. ஸ்பூன் உரசிய இடமெல்லாம் சாம்பல் கோடு வேறு. அலங்காரப் பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம், சோற்றுத் தட்டுக்கு வேண்டாம்.

மின்சூளைக்காக நானே கலந்துகொண்டது மூன்றாவது: போரான் பிரிட் (போரான் சேர்த்து உருக்கிப் பொடித்த கண்ணாடி), சைனா கிளே, குவார்ட்ஸ் ஆகியவற்றோடு கொஞ்சம் டால்க்கும், சுண்ணாம்புக்கல் மாவைப் போலவே கால்சியம் தரும் கனிமமான வொல்லாஸ்டனைட்டும். டால்க் தரும் மக்னீசியம் சுருக்கத்தைக் குறைக்கிறது. அதிகமானால் பால் கலந்ததுபோல் மங்கும். சுண்ணாம்புக்கல் மாவு வேகும்போது தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக விடுகிறது, கிளேஸுக்குள் குமிழிகள் சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ராஜஸ்தானில் வெட்டியெடுக்கும் வொல்லாஸ்டனைட்டில் அந்தத் தொல்லை இல்லை. கோபால்ட் நீலத்தில் வரைந்த கோடுகள் இதன் அடியில்தான் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. கடினத்தில் 4-3-2-1ஐ எட்டவில்லை என்றாலும், வீட்டுப் புழக்கத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. எலுமிச்சை வில்லையை இரவு முழுக்கத் தட்டில் வைத்துக் காலையில் கழுவுங்கள். பளபளப்பு மங்கினாலோ விரலுக்குச் சொரசொரத்தாலோ அந்தக் கிளேஸ் ஆகாது. கோப்பையைக் கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் மாற்றி மாற்றி முக்கி எடுத்த பிறகு பேனா மையைத் தடவித் துடைத்தால், ஒளிந்திருக்கும் விரிசல் தெரிந்துவிடும். சோதனைத் துண்டு உங்கள் களிமண்ணில் செய்து உங்கள் சூளையில் சுட்டதாக இருக்க வேண்டும். பூச்சின் கனத்தையும் அன்றாடம் தரும் கனத்திலேயே வையுங்கள். தடித்த இடத்தில் குமிழியும் விரிசலும் இரண்டுமே கூடும். ஒரு லிட்டர் கிளேஸ் 1450 கிராம் எடைக்குப் பக்கத்தில் இருக்கும்படி கரைத்து, மூன்று நொடிக்குள் முக்கி எடுப்பது என் வழக்கம்.